உளவு மென்பொருளை விரட்டினால் மட்டும் போதாது

(வீட்டுக் கணினிப் பாதுகாப்பு குறித்துப் பொதுமக்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கும் எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கு. கரண்ட் பில், சொத்து வரி, பஸ் டிக்கெட் எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் பல வீடுகளில் ஒரு கம்ப்யூட்டரோ லேப்டாப்போ இருக்கும். பிள்ளைகள் ப்ராஜெக்ட் செய்வது, டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் போடுவது, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வது, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து சேர்த்து வைப்பது எல்லாம் அதில்தான். போனை ஒருத்தர்தான் பயன்படுத்துவார். கம்ப்யூட்டரை வீடே பயன்படுத்தும். அதனால் அதற்குள் உளவு மென்பொருள் ஒன்று நுழைந்தால் குடும்பத்தில் எல்லாருடைய விவரமும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

ஸ்பைவேர் என்று சொல்கிறோமே, அந்த உளவு மென்பொருள் என்ன செய்யும்? சில வகை, நீங்கள் கீபோர்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும். சில வகை திரையைப் படம் பிடிக்கும், கேமராவையும் மைக்கையும் இயக்கும். இப்போது அதிகம் புழங்கும் வகை வேறு. அது பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் தடயம் இல்லாமல் மறைந்துவிடுவதும் உண்டு.

'லம்மா' என்று ஒரு திருட்டு மென்பொருள். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை, இரண்டே மாதத்தில், உலகம் முழுவதும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்தது. இது பரவிய வழிகளில் ஒன்றைக் கேளுங்க. ஏதோ ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். 'நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதி செய்யுங்கள்' என்று வருகிறது. வழக்கமாக வருவதுதானே என்று கிளிக் செய்கிறோம். அடுத்து, 'விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர்' என்கிறது. அதைச் செய்தால் அந்தப் பக்கம் ரகசியமாகக் காப்பி செய்து வைத்த கட்டளையை நம் கையாலேயே கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுகிறோம். உண்மையான சரிபார்ப்பு எதுவும் இப்படிக் கேட்காது. இதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்க.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் உளவு மென்பொருள்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய கம்ப்யூட்டர் மெதுவாகத்தான் ஓடும். அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. கவனிக்க வேண்டியவை வேறு. பிரவுசரின் முதல் பக்கமோ தேடும் தளமோ தானாக மாறியிருப்பது. நீங்கள் போடாத எக்ஸ்டென்ஷன் இருப்பது. யாரும் வீடியோ காலில் இல்லாதபோது கேமரா விளக்கு எரிவது. விண்டோஸ் செக்யூரிட்டி தானாக அணைந்து கிடப்பது. இதில் எது இருந்தாலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இன்னும் முக்கியமான அறிகுறிகள் உங்கள் கணக்குகளில் தெரியும். கேட்காமலே ஓ.டி.பி. வருவது, 'புதிய சாதனத்தில் உள்நுழைந்துள்ளீர்கள்' என்று மெயில் வருவது, நீங்கள் அனுப்பாத செய்தி நண்பருக்குப் போயிருப்பது. கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். திருட்டு வேறு எங்கோ நடந்துகொண்டிருக்கும்.

முதல் வேலை போனில்

சந்தேகம் வந்தவுடன் எல்லாரும் செய்வது, ஒரு ஆன்டிவைரஸைப் போட்டு ஸ்கேன் செய்வது. 'நீக்கப்பட்டது' என்று வந்ததும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறோம். இங்கேதான் தவறு. வீட்டுக்குள் வந்த திருடனைத் துரத்திவிட்டோம், சரி. அவன் எடுத்துப் போன சாவிக்கொத்து? பூட்டை மாற்றாத வரை அவன் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அதனால் முதலில் கம்ப்யூட்டரின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். பிறகு உங்கள் போனை எடுத்து, மொபைல் டேட்டாவில் பாஸ்வேர்டுகளை மாற்றத் தொடங்குங்கள். சந்தேகப்படும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் திருடன் கைக்கே போய்ச் சேரும். யாரோ போனில் சொன்னதைக் கேட்டு உங்கள் போனிலும் ஏதாவது செயலி போட்டிருந்தால், வீட்டில் வேறு ஒருவர் போனைப் பயன்படுத்துங்கள்.

வரிசை முக்கியம். முதலில் ஈமெயில். மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் ஈமெயில் வழியாக மாற்றிவிட முடியும் என்பதால் அதுதான் தலைவாசல். அடுத்து நெட் பேங்கிங், அதற்குப் பிறகு வருமான வரி, சமூக ஊடகம், மற்றவை. ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். உங்களை மீட்டெடுக்கக் கொடுத்த போன் எண்ணும் மாற்று ஈமெயிலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீங்க. பொருட்காட்சியில் டிக்கெட் காட்டி உள்ளே போனதும் சில இடங்களில் கையில் முத்திரை குத்துவாங்க. வெளியே போய்த் திரும்பி வந்தால் முத்திரையைக் காட்டினால் போதும், டிக்கெட் கேட்க மாட்டாங்க. நீங்கள் ஒரு தளத்தில் உள்நுழைந்ததும் பிரவுசரிலும் இப்படி ஒரு முத்திரை விழுகிறது. உளவு மென்பொருள் அதையும் திருடும். அந்த முத்திரை இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். அதனால் பாஸ்வேர்டை மாற்றிய கையோடு, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள். கூகுள் கணக்கில் 'உங்கள் சாதனங்கள்' என்ற பட்டியல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' இருக்கிறது. தெரியாத சாதனம் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம்

பெரும்பாலான வீடுகளில் விண்டோஸ் என்பதால் அதையே சொல்கிறேன்.

ஒன்று. செட்டிங்ஸ் போய், ஆப்ஸ் என்பதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலைத் திறங்கள். தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். பிரச்சினை தொடங்கிய நாட்களில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா? எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் முறையான மென்பொருள்கள்தான். ஆனால் 'இன்று இரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று மிரட்டும் மோசடிக்காரர்கள் இப்படிப்பட்டவற்றைத்தான் போடச் சொல்வார்கள். உங்களுக்குத் தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

இரண்டு. பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பாருங்கள். எதற்காகப் போட்டோம் என்று சொல்லத் தெரியாத எதுவும் அங்கே இருக்க வேண்டாம்.

மூன்று. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதியில், கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாக ஓடுபவை இருக்கும். பெயர் புரியவில்லை என்பதற்காக எதையும் அழித்துவிடாதீர்கள். 'டிசேபிள்' செய்து வைத்து, அது என்னவென்று போனில் தேடிப் பாருங்கள்.

நான்கு. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்' பகுதியைத் திறங்கள். அதன் செட்டிங்ஸில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு. இதைச் சோதிக்க வேண்டாம் என்று விலக்கி வைத்த ஃபைல்கள் அதில் இருக்கும். சில உளவு மென்பொருள்கள் தங்களைத் தாங்களே அங்கே சேர்த்துக்கொள்ளும். நீங்கள் சேர்க்காதது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஐந்து. இப்போது இணையத்தை இணைத்து, விண்டோஸ் செக்யூரிட்டியை அப்டேட் செய்து, 'ஃபுல் ஸ்கேன்' கொடுங்கள். சில மணி நேரம் ஆகலாம். அது முடிந்ததும் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கம்ப்யூட்டர் அணைந்து மீண்டும் எழும். சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளத் தெரிந்தவற்றை, விண்டோஸ் எழுவதற்கு முன்பே பிடிக்கும் முறை இது. இவை விண்டோஸுடன் இலவசமாகவே வருகின்றன. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு நடத்தும் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' இணையதளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கும்.

'உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை முழுக்க அலறும் விளம்பரத்தை நம்பி அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் எண் கொடுப்பதில்லை.

பாஸ்வேர்டு திருடும் மென்பொருள் இருந்தது உறுதியானால், 'ரீசெட் திஸ் பிசி'யில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே பாதுகாப்பு. அதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பழைய இன்ஸ்டாலேஷன் ஃபைல்களை எடுக்காதீர்கள். சர்வீஸ் கடையில் கொடுத்தால், லைசென்ஸ் உள்ள விண்டோஸ்தான் வேண்டும் என்று கேளுங்கள். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடுங்கள்' என்று சொல்லும் கிராக் மென்பொருளோடு உளவாளியும் சேர்ந்தே வரலாம்.

கம்ப்யூட்டர் சுத்தமான பிறகு மெயில் செட்டிங்ஸைத் திறந்து, உங்கள் கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாக 'ஃபார்வர்டு' ஆகிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் இந்த ஏற்பாடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கலாம்.

பணம் போயிருந்தால்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்பு 1930 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். தேசிய இணையக் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் நிறுத்த வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. இரு தரப்பிலும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை சொன்னது. நம் கவனக்குறைவால் போன பணத்துக்கும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு நம்முடையதல்ல. ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்காதீர்கள். திரையில் வந்தவற்றைப் போனில் படம் எடுத்து வையுங்கள். போலீஸில் கேட்காமல் கம்ப்யூட்டரை ரீசெட் செய்யாதீர்கள், சாட்சியம் அழிந்துவிடும்.

உளவாளி வீட்டுக்குள்ளேயே இருந்தால்

இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சில நேரம் உளவு மென்பொருளைப் போட்டது முகம் தெரியாத திருடன் இல்லை. கணவரோ, உறவினரோ, முன்பு பழகியவரோ. நீங்கள் யாரிடம் பேசினீர்கள், என்ன தேடினீர்கள் என்பது அவருக்கு உடனுக்குடன் தெரிகிறது என்றால் அவசரப்பட்டு அதை நீக்காதீர்கள். நீக்கியது தெரிந்ததும் அவர் கோபம் உங்கள் மேல் திரும்பலாம். நம்பிக்கையான ஒருவரின் போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்து முதலில் ஆலோசனை கேளுங்கள். அனுமதி இல்லாமல் ஒருவரின் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி குற்றம். குடும்பத்தார் என்பது அதற்கு உரிமம் ஆகாது.

இனி வராமல் இருக்க

பிள்ளைகளுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு போட்டுக் கொடுங்கள். வங்கி பாஸ்வேர்டை பிரவுசரில் சேமிக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் மாற வழி பாருங்கள்.

ஆதார் பி.டி.எஃப். ஃபைலைக் கம்ப்யூட்டரில் போட்டு வைக்காதீர்கள். அதன் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். டிஜிலாக்கரில் வையுங்கள். ஃபைல் திருடு போயிருக்கும் என்று தோன்றினால் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம், உதவிக்கு 1947.

கடைசியாக ஒன்று. பையனோ பொண்ணோ எதையோ கிளிக் செய்துவிட்டேன் என்று வந்து சொன்னால் திட்டாதீங்க. திட்டினால் அடுத்த முறை சொல்லாமல் மறைப்பார்கள். திருடனுக்கு வேண்டியது அந்த மௌனம்தான். சொன்ன அந்த நிமிடமே போனை எடுத்து ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றத் தொடங்கினால் பெரிய இழப்பைத் தடுத்துவிடலாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலையும் வாட்ஸ்அப் லிங்க்டு டிவைசஸையும் ஒரு முறை திறந்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.