கல்கியின் ஈழம்



வெள்ளவத்தையில் கூடியுள்ள இந்தச் சபையிலே ஒரு தமிழ் நாவலாசிரியரின் வாழ்வையும் தொழிலையும் பற்றிப் பேச வேண்டுமென்று அறக்கட்டளையார் பணித்தபோது, எனது மனம் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்களிடம் சென்று நின்றதற்கு அவருடைய பிராபல்யம் மட்டும் காரணமன்று. அவருடைய சரித்திரக் கதைகளில் நமது தீவு பெற்றிருக்கும் ஸ்தானம், அக்கரை வாசகர் ஓட்டமாகக் கடந்து போனாலும், இக்கரையில் உள்ள நாம் சற்றே நின்று பார்க்கக் கடமைப்பட்ட ஒன்று என்று தோன்றியதும் காரணமாகும்.

1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி, மாயவரத்துக்கு அருகேயுள்ள புத்தமங்கலத்தில் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, திருச்சியில் பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பைச் செவியுற்றுப் படிப்பைத் துறந்து, 1922-இல் சிறை சென்று, வெளிவந்தபின் திரு. வி. க.வின் 'நவசக்தி'யிலும், திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜி நடத்திய மதுவிலக்குப் பத்திரிகையாகிய 'விமோசன'த்திலும் எழுத்துத் தொழில் பயின்று, பின்னர் 'ஆனந்த விகட'னில் ஆசிரியராக அமர்ந்து, ஹாஸ்யத்துக்கும் சங்கீத விமரிசனத்துக்கும் பெயர் வாங்கினார். 1941-இல் அங்கிருந்து விலகி, நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்கினார். அதற்கு வேண்டிய முதலுக்காக எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேடம் பூண்டு நடித்தார் என்பது பலரும் அறிந்த விருத்தாந்தம். ஒரு பெண்மணி ஆண் வேடமிட்டுச் சம்பாதித்த பொருளைக் கொண்டு, தமிழ்ச் சரித்திர நாவலின் பொற்காலம் ஆரம்பமாயிற்று என்று சொன்னால் அதில் மிகையில்லை.

'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' ஆகிய மூன்றும் அப்பத்திரிகையில் வாராவாரம் வெளிவந்தவை. ஆகவே, அடுத்த இதழ் வரையில் வாசகரைத் தவிக்கவிடும் சாமர்த்தியம், சென்ற வாரத்துச் சம்பவத்தை நினைவூட்டும் சாவதானம், ஒரே செய்தியை மும்முறை சொல்லும் சலுகை ஆகிய குணதோஷங்கள் யாவும் அவற்றில் உண்டு. கொட்டாஞ்சேனையிலும் இந்த வெள்ளவத்தையிலும் பழைய குடும்பங்களின் அலுமாரிகளில், தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்த கனத்த புத்தகங்களை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். மேலட்டை உதிர்ந்தும் ஓவியர் மணியத்தின் சித்திரங்கள் உதிராத புத்தகங்கள் அவை!

இனி ஈழத்துக்கு வருவோம். 'சிவகாமியின் சபத'த்தில் மாமல்லரின் தோழனாக வரும் இலங்கை இளவரசன் மானவன்மன் கற்பனைப் பாத்திரமல்லன். நாட்டை இழந்து, மாமல்லனாகிய பல்லவ நரசிம்மனை அடைந்து, சாளுக்கிய வல்லபனோடு அப்பல்லவன் செய்த போரில் துணை நின்று, அவன் தந்த சேனையோடு திரும்பி அனுராதபுரத்துச் சிங்காதனம் ஏறியவன் என்று சூளவம்சமே அவனைப் பற்றிக் கூறுகின்றது. சாளுக்கியரின் எதிரிகளைத் தேடிப் புறப்பட்ட கல்கி, பௌத்த குருமார் பாளியிலே எழுதி வைத்த நூலில் தமக்கு வேண்டிய ஒரு நண்பனைக் கண்டெடுத்தார்.

1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னின் இரண்டாம் பாகமாகிய 'சுழற்காற்'றின் பெரும்பகுதி இங்கேயே நிகழ்கின்றது. கொடும்பாளூர்ச் சிறிய வேளார் ஈழப்போரில் மாண்டதைச் சாசனம் கூறுகின்றது. பாண்டிய ராஜசிம்மன் தன் முடியையும் ஆபரணங்களையும் இலங்கை அரசனிடம் விட்டுச் சென்றதையும், பராந்தக சோழன் அவற்றை மீட்க முயன்று தோற்றதையும் சூளவம்சம் கூறுகின்றது. வேளாரைக் கதையில் வரும் வானதியின் தந்தையாக்கி, இவ்விரு வரலாறுகளுக்கும் நடுவே ஊமை ராணி மந்தாகினியை உலவவிட்டது கல்கியின் பிரதிபை.

ஆனால் சோழ இளவரசர் அருள்மொழிவர்மரின் இலங்கை வாசத்தைக் கல்கி சித்தரித்த விதந்தான் எனது பேச்சுக்கு மையப் பொருள். படைக்கு வேண்டிய அரிசி சோழநாட்டிலிருந்தே வரவேண்டும், இந்நாட்டுக் குடிகளின் களஞ்சியத்தில் கைவைக்கலாகாது என்று அவ்விளவரசர் பிடிவாதம் செய்கிறார். போரில் சிதைந்த விகாரைகளைச் செப்பனிடுகிறார். பிக்ஷுக்கள் நள்ளிரவில் அளிக்க முன்வந்த இலங்கை மணிமுடியை வேண்டாமென்று மறுக்கிறார். வாசிக்கையில் உள்ளம் குளிர்கின்றது. ஆயினும் இதே அருள்மொழி இராஜராஜனான பிறகு நடந்தவற்றைச் சூளவம்சத்தின் வாயிலாக அறிந்தவருக்கு அந்தக் குளிர்ச்சி நெடுநேரம் நிலைப்பதில்லை.

இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் தன் சேனைக்குச் சம்பளம் கொடுக்க இயலாமல் ரோஹணத்துக்கு ஓடினான்; அச்செய்தியை ஒரு குதிரை வியாபாரி சோழ மன்னனின் காதில் போட்டான். (கல்கியின் கையில் இந்தக் குதிரை வியாபாரி அகப்பட்டிருந்தால் பத்து அத்தியாயமாவது கிடைத்திருக்கும்!) 993-ஆம் ஆண்டளவில் அனுராதபுரம் வீழ்ந்து, பொலன்னறுவை ஜனநாதமங்கலம் என்னும் பெயரில் சோழரின் தலைநகராயிற்று; 1017-இல் சோழன் ராஜேந்திரனுடைய படை மகிந்தனையும், பாண்டியர் முடியையும், தாது கர்ப்பங்களை உடைத்தெடுத்த பொருளையும் கடல் கடத்திச் சென்றது. பறிகொடுத்தவர் எழுதிய வரலாறு என்பதால் அதன் ஆவேசத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். அநுராதபுரத்தின் அழிவைக் கழித்துவிட முடியாது.

கல்கி இதனை அறியாதவரல்லர். ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இங்கு வந்து இடங்களைப் பார்த்து, நமது நாட்டைப் பற்றித் தனியே ஒரு பிரயாண நூலும் எழுதியவர் அவர். நாவலை அருள்மொழி முடியைத் தியாகம் செய்து உத்தம சோழனுக்குச் சூட்டும் கட்டத்தில் நிறுத்தியதால், இந்தப் படையெடுப்பை எழுத வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு நேரவேயில்லை. கதை சட்டென்று முடிந்துவிட்டதென்று வாசகர் முறையிட, அவர் முடிவுரை எழுதிச் சமாதானம் கூறினார். நமது நோக்கில் அம்முடிவு நேர்த்தியான கலைத் தந்திரம். அத்துடன், சங்கடமான ஒரு வழக்கிலிருந்து கண்ணியமாக விலகிக்கொண்ட செயலுமாகும். காந்தி யுகத்தின் தேசபக்தர், தமது உத்தம வீரனை வெற்றியின் வாயிலாகப் பெருமைப்படுத்தாமல் துறவின் வாயிலாகப் பெருமைப்படுத்த விரும்பினார். அவ்விருப்பத்திற்கு 985-க்கு முற்பட்ட இளவரசன் இசைந்தான். பிற்பட்ட சக்கரவர்த்தி இசைந்திருக்க மாட்டான்.

எனினும், விகாரையைச் செப்பனிடும் சோழன் வெறுங் கனவென்று தள்ளிவிடுவதும் நியாயமாகாது. பொலன்னறுவையில் சோழ மாதேவியின் பெயரால் வானவன்மாதேவீச்சரம் என்னும் சிவாலயம் விளங்கிய காலத்திலேயே, திருகோணமலைக்கு அருகேயுள்ள வெல்கம் விகாரை 'இராஜராஜப் பெரும்பள்ளி' என்னும் நாமம் பெற்றது. அதற்கு விளக்கெரிக்கத் தானம் வழங்கியவர்கள் தமிழர். அத்தானங்களைத் தமிழிலேயே கல்லில் பொறித்தார்கள். அநுராதபுரத்தை இழந்த பிக்ஷுக்களின் ஏட்டில் இந்தப் பெரும்பள்ளி இல்லை. அரிசிக்காகப் பிடிவாதம் செய்த இளவரசனைப் படைத்த கல்கியின் நாவலிலும் இல்லை.