போஞ்சி காய்க்கும் காலம்
(தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், அரைப் பேர், சேமலாப நிதி என்றுதான் இந்த மேடையில் எப்போதும் பேசுகிறோம். இன்று லயத்துக்குப் பின்பக்கம் போவோம். சிரிக்க வேண்டாம். இதுவும் சங்கத்து விடயம்தான்.

போஞ்சி போட்டு இரண்டு மாதம் ஆகுமுன்பே முதல் காய் பறிக்கிறோம். கொழுந்து எடுக்கும் கைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கூடையை யாரும் தராசில் போட்டு இரண்டு கிலோ கழிப்பதுமில்லை! வேலை விட்டு வந்து, மலையில் வெளிச்சம் இருக்கும்போதே பறித்து, தேங்காய்ப்பால் விட்டு ஆக்கி, சுடச்சுட ரொட்டியோடு வைத்தால் பிள்ளைகள் இன்னும் கேட்கிறார்கள். பிஞ்சாக இருக்கும்போதே வாரம் இரண்டு தடவை பறிக்க வேண்டும். முற்ற விட்டால் கொடி காய்ப்பைக் குறைத்துவிடும். மிஞ்சினால் பக்கத்துக் காம்பிராவுக்குப் போகும், அங்கிருந்து ஒரு பிடி கீரை வரும்.

காலம் எல்லா மலைக்கும் ஒன்றல்ல. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை கொட்டும். பாத்தியை உயர்த்தி, கான் வெட்டாவிட்டால் வேர் அழுகும். பதுளைப் பக்கம் பெருமழை ஒக்டோபருக்குப் பிறகுதான். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரிப் பனியில் உருளைக்கிழங்கு இலை கருகும். லீக்ஸும் கோவாவும் தாங்கும். கோழி எருவை மட்கவிட்டுப் போடுங்கள். பச்சையாகப் போட்டு நாற்றைக் கருக்கியவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தார்கள். மறு வருடம் மாவும் மரக்கறியும் நாளுக்கு நாள் விலை ஏறின. அந்த நாட்களில் நம் வீடுகளில் பலர் பின்பக்கத்துக் கீரையையும் சௌசௌவையும் வைத்துத்தான் அடுப்பு மூட்டினார்கள். அதை நாம் மறக்கவில்லை.

இப்போது கசப்பான கதைக்கு வருவோம். ஒரு தோட்டத்தில் கோவா பாதி திரண்டு நின்றபோது, அந்த இடம் வேண்டும் என்று நிர்வாகம் ஆள் விட்டுப் பிடுங்கியது. பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் வரிசையாக நின்று பார்த்தார்கள். கேட்டதற்கு, "நிலம் தோட்டத்து நிலம்" என்ற ஒரே பதில். தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து கொத்திய மண்தான். ஆனால் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. புதிய வீட்டுத் திட்டங்களில் சில பேர்ச் என்கிறார்கள். வீட்டையும் பாதையையும் கழித்தால் பாத்திக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆகவே நிர்வாகத்திடம் நாம் கேட்கப்போவது இதுதான்: நட்ட பயிரை அறுவடை வரை தொடக்கூடாது. நிலம் தேவையென்றால் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அழித்தால் நட்டஈடு தர வேண்டும். வாயால் சொன்னது போதாது, கையெழுத்து வேண்டும்.

அதற்கு விபரம் தேவை. எந்த லயம், எந்தக் காம்பிரா, எத்தனை வருடமாக, என்ன பயிர் என்று ஒரு கொப்பியில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். முடிந்தவர்கள் படமும் பிடித்து வாருங்கள். நன்றாகக் காய்த்த கொடியில் நாலு காயைக் காய விட்டு, அந்த விதையையும் கையோடு எடுத்து வாருங்கள். இல்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.