மூப்பும் மூளையும்

லேக் மார்க்கெட்டுக்குக் காலையில் காய்கறி வாங்க வரும் நம்மவர்களுள் முதியவர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். வலக்கையில் பை; சும்மா தொங்கும் இடக்கையின் விரல்களில் ஓயாத நடுக்கம். அடிகள் குறுகிவிட்டன. ஓய்வூதியத்துக்காக அவர் இட்ட கையெழுத்தும் சிறுத்துப் போனதால் பழைய கையெழுத்தோடு ஒத்துவரவில்லை. வீட்டாரைக் கேட்டால், “வயதாகிவிட்டது, அவ்வளவுதான்” என்கிறார்கள். அவ்வளவுதானா? இந்தக் கேள்விக்கு விடை காண நாம் ஒரே ஒரு மூளைச் செல்லின் உள்ளே சென்று பார்க்க வேண்டும்.

இந்த நோயை 1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற லண்டன் மருத்துவர் விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. நடுக்குவாதம் என்றும் சொல்கிறோம். மூளையின் அடித்தண்டில் கருநிறம் படிந்த ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள செல்கள் டோபமீன் என்னும் பொருளை ஆக்கி, உடலின் அசைவுகள் ஒழுங்காக நடைபெற உதவுகின்றன. அச்செல்கள் மடிய மடிய அசைவு தடைப்படுகிறது.

இந்த உண்மை வெளிப்பட்ட வரலாற்றின் முதல் அத்தியாயம் நாம் குடியேறி வாழும் இந்தக் கல்கத்தா நகரிலேயே தொடங்கியது. 1931ஆம் ஆண்டில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் இங்கிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர், சித்தப்பிரமையையும் இரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்று அதில் எடுத்துரைத்தார்கள். இவ்வூர் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சோப்ராவும் அவருடன் உழைத்தவர்களும் அந்த வேரை மேலும் ஆராய்ந்தார்கள். 1952ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தில் அதன் சத்தைப் பிரித்தெடுத்து, ரிசர்பைன் என்று பெயரிட்டார்கள்.

இரத்தக் கொதிப்புக்கு ரிசர்பைன் உட்கொண்டவர்களுள் சிலருக்குக் கை நடுங்கிற்று, உடல் விறைத்தது. மருந்தை நிறுத்தியதும் அந்தக் குறிகள் மறைந்தன. இது எதனால்?

செல்லை ஒரு வீடாக எண்ணிக்கொள்ளுங்கள். அதில் பண்டங்களைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம் உண்டு, அடுப்பு உண்டு, குப்பை தள்ளும் ஏற்பாடும் உண்டு. நரம்புச் செல்லின் களஞ்சியம், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய பைகள். ஆக்கிய டோபமீனை அவற்றில் சேமித்து, வேண்டும்போது வெளியே விடுகிறது செல். பைக்குள் டோபமீன் புகும் வாயிலை ரிசர்பைன் அடைத்துவிடுகிறது. வெளியே தங்கிய டோபமீன் சிதைந்து போகிறது. களஞ்சியம் வெறுமையாகிறது.

1957ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்ஸன் முயல்களுக்கு ரிசர்பைன் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. பிறகு, டோபமீனாக மாறக்கூடிய டோபா என்னும் பொருளைக் கொடுத்தார். கிடந்த முயல்கள் எழுந்து நடமாடின! இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1960ஆம் ஆண்டில், பார்க்கின்ஸன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமீன் மிகக் குறைந்திருப்பதை வியன்னாவில் கண்டார்கள். அடுத்த ஆண்டே அங்கு நோயாளிகளுக்கு லெவோடோபா கொடுத்துப் பார்த்தார்கள்.

அந்த டோபாவோடு நம் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. ஐரோப்பாவில் 1913ஆம் ஆண்டிலேயே ஒருவகை அவரையிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் அது. நம் வேலிகளில் படர்ந்து, தொட்டவர் உடலில் அரிப்பெடுக்கச் செய்யும் பூனைக்காலியின் விதையிலும் அது இருப்பதை 1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். கல்கத்தா ஆராய்ந்த வேர் களஞ்சியத்தை வெறுமையாக்கிக் காட்டியது. சென்னை ஆராய்ந்த விதையின் சத்து அதை மீண்டும் நிரப்ப வல்லதாயிற்று. இன்றும் இந்நோய்க்கு லெவோடோபாவே தலையாய மருந்து.

ஆயினும் களஞ்சியத்தை நிரப்புவது வேறு. இடிகிற வீட்டைத் தாங்குவது வேறு. உடலின் மற்றப் பல செல்கள் அழிந்து புதியவை பிறக்கின்றன. மூளைச் செல்லோ பெரும்பாலும் நம்மோடு பிறந்து நம்மோடு மூப்பது. அதன் அடுப்பு மைட்டோகாண்ட்ரியா. உழைப்புக்கு வேண்டிய சக்தி அங்கேதான் பிறக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அடுப்பு பழுதாகிப் புகை மிகுகிறது. லைசோசோம் என்னும் நுண்ணுறுப்பு பழுதான பொருள்களைச் செரித்துக் கழிவை அகற்றுகிறது. அதன் வேலை தளர்ந்தால் குப்பை தேங்குகிறது. 1912ஆம் ஆண்டில் லெவி என்பவர் நோயாளிகளின் மூளைச் செல்களில் கண்ட உருண்டைகளும் இப்படித் தேங்கிய புரதத் திரள்களே. லைசோசோமின் ஒரு நொதியைப் பற்றிய மரபுக் குறை உள்ளவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதும் இப்போது தெளிவாகியுள்ளது.

நோயின் குறிகள் தெளிவாகப் புலப்படும்போது அந்தக் கரும்பகுதியின் செல்களில் ஏறக்குறையப் பாதியோ, அதற்கு மேலுமோ மடிந்திருக்கும். மருந்து டோபமீன் குறையை ஈடு செய்கிறது. மடிந்த செல்லை உயிர்ப்பிப்பதில்லை. அடுப்பையும் துப்புரவையும் காக்கும் வழியைத்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்று தேடுகிறார்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியது என்ன? மூப்பு எல்லாருக்கும் வருவது. நோய் எல்லாருக்கும் வருவதன்று. நடுக்கம் எல்லாமே இந்நோயும் அன்று. வேறு மருந்துகளால் வரும் நடுக்கமும் உண்டு, அதை நீக்கவும் முடியும். ஆகவே நடை குறுகுதல், எழுத்துச் சிறுத்தல், முகத்தில் உணர்ச்சி குன்றுதல், மோப்பம் மங்குதல் இவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்நகரில் அதற்கென்றே அரசினர் பாங்கூர் நரம்பியல் நிலையம் இருக்கிறது. வேரையும் விதையையும் தாமாகவே வாங்கி உண்ண வேண்டா. அளவு தவறினால் தீங்கு விளையும். மருத்துவர் கொடுத்த லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. நாள்தோறும் நடப்பதும் உடற்பயிற்சி செய்வதும் நலம் தரும்.

இன்னும் ஒன்று. இந்நோயில் குரலும் தணிந்துபோவது உண்டு. தாய்மொழியிலேயே மெல்லப் பேசும் முதியவர், வங்காளியில் தம் துன்பத்தை எப்படி எடுத்துச் சொல்வார்? அவரைத் தனியே அனுப்பாதீர்கள். அவர் உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நடுக்கம் எந்தக் கையில் எப்போது தொடங்கிற்று என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு உடன் செல்லுங்கள். “வயதாகிவிட்டது” என்று சொல்வதை மருத்துவர் சொல்லட்டும். வீட்டார் அதற்குமுன் சொல்லிவிட வேண்டா.