பிள்ளை பார்ப்பதும் ஒரு தொழில்தான்; அதைச் சொல்லிக் கொடுங்க!

(மகளிர் அணியும் இளைஞர் அணியும் இணைந்து நடத்திய பயிற்சி வகுப்பில் மகளிர் அணி நிர்வாகி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுமையாக வாசியுங்கள், பகிருங்கள்.)



ஓட்டுக் கணக்கு, பூத் கணக்கெல்லாம் காலையிலேயே பேசி முடிச்சிட்டோம். நான் பேசப் போறது வேற ஒரு கணக்கு. குழந்தைகள் காப்பகத்தில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆள் என்கிற கணக்கு. கேட்க சின்னதா இருக்கும். அது தப்பினால் உயிர் போகும்.

பிளஸ் டூ முடிச்ச வருஷம், திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியின் காப்பகத்தில் நான் 'டிரெய்னி'யா சேர்ந்தேன். "ஆறு மாசம் டிரெய்னிங், அப்புறம் சர்ட்டிபிகேட், அப்புறம் நிரந்தரம்" என்றார்கள். எங்க அம்மா இன்னொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாங்க. "பிள்ளை பார்க்கிறதுக்கு என்னடி டிரெய்னிங்?"னு வீட்டில் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன்.

மூணாவது நாள் அந்தச் சிரிப்பு போயிடுச்சு.

காப்பகத்தில் அன்னைக்குப் பதினாறு பிள்ளைகள். வேலைக்கு ரெண்டு பேர் இருக்கணும். ஒருத்தர் லீவு. மூத்தவங்க, நாங்க 'அக்கா'ன்னு கூப்பிடுறவங்க, பால் காய்ச்ச உள்ளே போனாங்க. பதினாறு பிள்ளையோட நான் மட்டும். ஒரு பெரிய பிள்ளை பாக்கெட்டில் வெச்சிருந்த வேர்க்கடலையைத் தன் தம்பிக்குக் கொடுத்திருக்கு. ஒன்றரை வயசுக் குழந்தை. திடீர்னு சத்தமே இல்லை. அழுகையும் இல்லை, இருமலும் இல்லை. வாய் திறந்திருக்கு, முகம் நிறம் மாறுது.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஒரு கையில் தண்ணி டம்ளரை எடுத்தேன், இன்னொரு கை விரலை அவன் வாய்க்குள் விடப் போனேன். அதுக்குள் அக்கா ஓடி வந்தாங்க. பிள்ளையைப் பிடுங்கி, தலை கீழே இருக்கிற மாதிரி மடியில் குப்புறப் போட்டு, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடிப்பகுதியால் தட்டினாங்க. நாலாவது தட்டில் கடலை வெளியே வந்து விழுந்தது. பிள்ளை வீல்னு அழுதான். அந்த அழுகை மாதிரி நல்ல சத்தம் நான் கேட்டதில்லை.

அக்கா என்னைத் திட்டலை. "கண்ணு, கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தேடினா அது இன்னும் உள்ளேதான் போகும். மூச்சு அடைச்சவனுக்குத் தண்ணி கொடுத்தா அதுவும் உள்ளே போயி அடைக்கும். உனக்கு யாரும் சொல்லித் தரலை, நீ என்ன பண்ணுவ" என்றார்கள்.

தோழர்களே, அந்தக் கடைசி வரிதான் இன்னைக்கு என் பேச்சு. உனக்கு யாரும் சொல்லித் தரலை.

அன்னைக்குச் சாயங்காலம் நான் ரெண்டு நோட்டைப் பார்த்தேன். வருகைப் பதிவேட்டில் என் பேர் 'பணியாளர்' வரிசையில் இருந்தது. சம்பள நோட்டில் அதே பேர் 'டிரெய்னி' வரிசையில் இருந்தது. ஆய்வுக்கு வர்றவங்களுக்குக் காட்ட நான் பணியாளர். காசு கொடுக்கும்போது நான் பயிற்சி பெண். ஆள் கணக்கில் முழு ஆள், கூலிக் கணக்கில் அரை ஆள்.

அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டது எல்லாம் அக்காகிட்டதான். என்ன கத்துக்கிட்டேன்னு கொஞ்சம் சொல்றேன். பிள்ளை பார்க்க என்ன பயிற்சின்னு கேட்கிறவங்க தயவுசெய்து படிங்க.

ஒரு வயசுக்குள் இருக்கிற குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும். முகத்துக்குப் பக்கத்தில் தலையணை, துணி எதுவும் கிடக்கக் கூடாது. தூங்குற பிள்ளையையும் அடிக்கடி போய்ப் பார்க்கணும். மூச்சு ஏறி இறங்குதான்னு பார்க்கணும்.

ஒரு கையை மட்டும் பிடிச்சுப் பிள்ளையைத் தூக்கக் கூடாது. முழங்கை மூட்டு நழுவிடும். அக்குள் ரெண்டிலும் கை கொடுத்துத்தான் தூக்கணும்.

வயித்துப்போக்குன்னா ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவெச்ச தண்ணியில் முழுசாக் கரைக்கணும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்கிறது தப்பு.

ஆறு மாசத்தில் இருந்து அஞ்சு வயசு வரைக்கும் மேல்கையை அளக்க ஒரு வண்ண நாடா இருக்கு. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனா சிவப்பு. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, உடனே ஆஸ்பத்திரி. அங்கிருந்து 12.5 வரைக்கும் மஞ்சள், கவனமாப் பார்க்கணும்.

காலையில் பிள்ளையை வாங்கும்போதே உடம்பில் காயம், தடிப்பு இருக்கான்னு பார்த்து எழுதி வைக்கணும். யாராவது பிள்ளைகிட்டத் தப்பா நடந்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சா மூடி மறைக்கக் கூடாது. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் சொல்றது கட்டாயக் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098.

சாயங்காலம் பதிவேட்டில் பேர் இருக்கிறவங்ககிட்ட மட்டும்தான் பிள்ளையைக் கொடுக்கணும். "நான் மாமாதான்"னு யார் வந்தாலும், அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான்.

இன்னொன்னு. அம்மா விட்டுட்டுப் போகும்போது அழுகிற பிள்ளையிடம் "அம்மா இதோ வந்துடுவா"ன்னு பொய் சொல்லக் கூடாதுன்னு அக்கா சொல்வாங்க. "சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சா அம்மா வருவா"ன்னு சொல்லணும். நேரம் தெரியாத பிள்ளைக்கு அதுதான் கடிகாரம்.

இதெல்லாம் பெண்ணாப் பிறந்தா தானா வந்துடுமா? வராதுங்க. எனக்கு வரலை.

இப்போ சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-வது பிரிவு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேணும்னு சொன்னது. அதோட நிறுத்தலை. குழந்தை பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் அது இருக்கணும்னு எழுதியது. 'பயிற்சி பெற்ற' என்கிற வார்த்தை 1948-லேயே வந்துடுச்சு! 2017-ல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தினப்போ, ஐம்பது பேரோ அதுக்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம், தாய் தினமும் நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துட்டு வரலாம்னு வந்தது. 2018-ல் மத்திய அரசின் வழிகாட்டுதல், மூணு வயசுக்குக் கீழே பத்துப் பிள்ளைக்கு ஒரு பணியாளர், அதுக்கு மேல் இருபது பிள்ளைக்கு ஒருத்தர்னு சொன்னது. இங்கிலாந்தில் ரெண்டு வயசுக்குக் கீழே மூணு பிள்ளைக்கே ஒரு ஆள் வேணும். நாம அவ்வளவு கூடக் கேட்கலை. எழுதி வெச்ச ஆளையாவது உண்மையா வையுங்கன்னு கேட்கிறோம்.

அங்கன்வாடிக்கு ஐ.சி.டி.எஸ். திட்டத்தில் ஊழியருக்கு 26 வேலை நாள், உதவியாளருக்கு 8 வேலை நாள்னு பயிற்சி வகுத்து வெச்சிருந்தாங்க. போதுமா போதாதான்னு பேசலாம், ஆனா ஒரு கணக்கு இருந்தது. கம்பெனிக் காப்பகத்தில் சேர்ந்த எனக்கு? ஒரு மணி நேரம்கூட இல்லை.

தங்கச்சிங்களே, உங்களில் யாராவது நாளைக்கு ஒரு காப்பகத்தில் டிரெய்னியா சேரப் போறீங்கன்னா, உள்ளே போறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி கேளுங்க:

1. ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? 1961-ம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, அதைப் பதிவும் செய்யணும். வாய்ப்பேச்சில் 'டிரெய்னி'ன்னு சொன்னா மட்டும் அது பழகுநர் பயிற்சி ஆகாது.

2. உதவித்தொகை எவ்வளவு? 2019-ல் திருத்திய விதிகளில் படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 ரூபாயில் இருந்து 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சத் தொகை வகுத்தாங்க. இன்றைய தொகையைக் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்க.

3. எனக்குச் சொல்லித் தரப்போறவங்க யார்? பேரைக் கேளுங்க. பேர் சொல்ல முடியலைன்னா பயிற்சி இல்லைன்னு அர்த்தம்.

4. முதலுதவிப் பயிற்சி எந்த வாரம்? கடைசி மாசம் இல்லை, முதல் வாரமே வேணும்.

5. முடிவில் யார் கொடுக்கிற சான்றிதழ்? கம்பெனி லெட்டர்பேடில் அடிச்சு லேமினேஷன் போட்ட தாளா, அரசு அங்கீகாரம் உள்ள பழகுநர் சான்றிதழா?

அஞ்சாவது கேள்வியை நான் கேட்கலை. ஆறு மாசம் முடிஞ்சதும் "இன்னும் ஆறு மாசம் டிரெய்னிங்" என்றார்கள். அதுவும் முடிஞ்சு ஒரு தாள் கொடுத்தாங்க. அடுத்த ஊர் காப்பகத்தில் அதைக் காட்டினேன். "இது செல்லாதும்மா, திரும்ப டிரெய்னியாவே சேர்ந்துக்க" என்றார்கள். ஒரு வருஷ உழைப்பு ஒரு வரியில் அழிஞ்சுபோச்சு.

சட்டத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும். பழகுநர் சட்டப்படி நீங்க தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். அதனால் பல தொழிலாளர் சட்டங்கள் உங்களுக்குப் பொருந்தாது. பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. ஆனா முடிச்சதும் வேலை கொடுத்தே ஆகணும்னு முதலாளிக்குக் கட்டாயம் இல்லை. இது தெரிஞ்சு போங்க. அதனால்தான் கத்துக்கிறதும் சான்றிதழும் இவ்வளவு முக்கியம். அது ரெண்டும் இல்லைன்னா உங்க கையில் மிச்சம் ஒண்ணும் இல்லை.

நம்ம தரப்பில் நாம வைக்கிற கோரிக்கை நாலு:

ஒன்று, பயிற்சியில் இருப்பவரைப் பணியாளர் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. பழகுநர் கூடுதல் கையா இருக்கணும். அவரை வெச்சு இன்னொருத்தர் வேலையைக் குறைக்கக் கூடாது.

இரண்டு, உயிர்காக்கும் முதலுதவி தெரியாத யாரையும் பிள்ளைகளோட தனியா விடக் கூடாது.

மூன்று, ஆய்வுக்கு வரும் அதிகாரி வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பார்க்கணும்.

நான்கு, வருஷக்கணக்கா இந்த வேலை செய்யுற மூத்த பெண்களின் அனுபவத்தைச் சோதிச்சுச் சான்றிதழ் கொடுக்கணும். அவங்களைச் சம்பளம் உள்ள பயிற்றுநரா நியமிக்கணும்.

"இதுக்கெல்லாம் செலவாகுமே"ன்னு சில முதலாளிகள் கேட்பாங்க. ஆகும், நியாயமான கேள்விதான். சின்ன நிறுவனங்கள் நாலஞ்சு சேர்ந்து ஒரே காப்பகம் நடத்தட்டும், அரசு பயிற்சிச் செலவில் பங்கு எடுக்கட்டும். பேசித் தீர்க்கலாம். ஆனா அந்தச் செலவை ஒரு பதினெட்டு வயசுப் பொண்ணு தலையிலும், ஒன்றரை வயசுப் பிள்ளை மூச்சிலும் ஏத்தி வைக்கக் கூடாது.

தோழர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்க வார்டில், உங்க மனைவி, அக்கா, தங்கை வேலை செய்யுற இடத்தில் காப்பகம் இருக்கான்னு கேளுங்க. இருந்தா, அங்கே பிள்ளையைப் பார்த்துக்கிற பொண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேளுங்க. அவங்களை மிரட்டாதீங்க, வீடியோ எடுத்துப் போடாதீங்க. வேலை போயிடும்னு பயத்தில் இருக்கிறவங்க அவங்க. மரியாதையாக் கேட்டு, விவரத்தை நம்ம ஒன்றிய, நகர மகளிர் அணியிடம் கொடுங்க.

அந்த அக்கா இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளைப் பார்த்தவங்க. எத்தனை உயிரைக் காப்பாத்தினாங்கன்னு எந்த நோட்டிலும் எழுதலை. கடைசி வரைக்கும் அவங்க பதவி 'ஆயா', கையில் ஒரு சான்றிதழும் இல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆசிரியர் அவங்கதான். அடுத்து சேரப் போற பொண்ணுக்கு முதல் நாளே அப்படி ஒரு ஆள் பக்கத்தில் நிற்கணும். அதுக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.



#பிள்ளை_பார்ப்பதும்_தொழில்தான்
#பழகுநர்_உரிமை