உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை

திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று வெளிகள் தொடர்ந்து வருகின்றன. உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்குத் தெருவால் போனால் பஸ்ஸில் சொற்ப நேரம். நான் சொல்வது கரையால் நடப்பது. ஏறக்குறைய 10 கிலோமீற்றர்.

சோளகக் காலமே உகந்தது. வாடையில் இந்தக் கடல் யாரையும் மதிக்காது. சல்லி முத்துமாரியம்மன் கோயில் கூப்பிடு தூரம்தான், இடையில் கழி. மணல் அடைத்திருந்தால் கடக்கலாம், திறந்திருந்தால் சாம்பல்தீவுப் பாலத்தால் சுற்ற வேண்டும்.

அதற்கப்பால் காலெல்லாம் அடம்பன் கொடி. சங்கப் பாட்டில் அடும்பு என்று வருவது இதுதான். ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலை, ஊதாப் பூ. நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தார்கள். வகுப்பில் மனனம் செய்த சங்கதி அது. 1990 இல் இக்கரையின் சனங்கள் இடம்பெயர்ந்ததையும், 2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் ஏறியதையும் அறிந்தபின் அதை வெறும் இலக்கணமாக வாசிக்க முடிவதில்லை.

நிலாவெளி நெருங்க, கரைவலை இழுப்பார்கள். இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள். பின்பக்கமாகவே நடந்து நடந்து மடியைக் கரைசேர்க்க வேண்டும். அதற்கு முதுகுக்குப் பின்னால் மணல் வேண்டும். ஹோட்டல் மதில்கள் கேட்பதும் அதே மணலைத்தான்.

எதிரே புறாத்தீவு. 2003 இல் அதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். புறாவுக்கும் முருகைக்கல்லுக்கும் காவல் உண்டு, நல்லது. அதைப் பார்க்கப் போகிறவர்கள், இக்கரையில் கயிறு பிடிப்பவர்களுக்குப் பின்னால் எத்தனை முழம் மணல் மிச்சமென்று ஒருக்கால் திரும்பிப் பாருங்கள்.