மேசை விளிம்பும் தொடைப் பள்ளமும்



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். ஆயினும் இங்குள்ளோரிற் பெரும்பாலோர் ஊரைவிட்டு வந்ததே அலுவலக நாற்காலியை நாடித்தான். ஆதலின் அந்நாற்காலிக்கு முன்னுள்ள மேசையைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகின்றோம்.

மேசைப் பணியாளர் சிலருக்குத் தொடையின் முன்புறத்தில், குறுக்காக, அரைவட்டப் பட்டைபோல் ஒரு பள்ளம் விழுகின்றது. அகலம் 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை இருக்கும். பெரும்பாலும் வலியில்லை, தோலின் நிறம் மாறுவதில்லை, தசைக்கும் கேடில்லை. தோலடிக் கொழுப்பு மட்டும் தேய்ந்துபோகின்றது. மருத்துவர் இதனை லைப்போஅட்ரோஃபியா செமிசர்க்குலாரிஸ் என்பர். நாம் அரைவட்டக் கொழுப்புத் தேய்வு எனலாம். 1974-இல் ஜெர்மன் மொழி மருத்துவ இதழொன்றில் இது முதன்முதல் விவரிக்கப்பட்டது. 1990-களில் பெல்ஜியத்து வங்கி ஊழியரிடையும், 2007-இல் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவின் புதிய அலுவலகக் கட்டடங்களிலும் பலருக்கு ஒருங்கே தோன்றியது.

பாதிக்கப்பட்டோரிற் பெரும்பாலோர் பெண்கள். இங்கேதான் இடர் தொடங்குகின்றது. தொடையில் விழுந்த பள்ளத்தை யாரிடம் காட்டுவது? புற்றுநோயோ என்னும் அச்சத்தை மனத்துள் வைத்துக்கொண்டு, வீட்டாரிடமும் கூறாது மறைப்போர் உண்டு. அடுத்த மேசைப் பெண்ணுக்கும் அதே பள்ளம் இருப்பது இருவருக்கும் தெரியாமற் போகின்றது; மேசையும் மாறுவதில்லை. தாய்மார்களே, கூச்சம் வேண்டா. இன்சுலின் ஊசி குத்துமிடத்திலும் கொழுப்பு தேயக்கூடும். ஆகவே மருத்துவர் ஒருமுறை பார்த்துத் தெளிவு சொல்லட்டும்.

காரணம் யாது? நின்றபடி அளந்தால், பள்ளம் தரையிலிருந்து ஏறத்தாழ 72 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். மேசை விளிம்பின் உயரமும் ஏறத்தாழ அதுவே! விளிம்பு நாள்தோறும் ஒரே இடத்தில் அழுத்துவதே முதற்காரணம் என்பது நம் துணிபு. வறண்ட காற்றில் இரும்பு மேசையில் தேங்கும் நிலைமின்சாரத்தையும் சிலர் காரணமாகக் காட்டுவர். அதில் நமக்கு முழு நம்பிக்கையில்லை. எனினும் அதைத் தடுக்க ஆகும் செலவு சிறிது. செய்துவிடுதலே அறிவுடைமை.

கோப்பெடுக்க எழும்போது மேசையிற் சாய்ந்து நிற்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். அமரும்போது தொடை விளிம்பில் படாதவாறு நாற்காலியின் உயரத்தைத் திருத்திக்கொள்க. கூரிய மெல்லிய விளிம்பினும் தடித்து உருண்ட விளிம்பே நன்று. மேசையின் இரும்புச் சட்டத்திற்கு எர்த் இணைப்பு வேண்டும். மின்கம்பிகளைக் கால்களிலிருந்து விலக்கிக் கட்டிவைக்க வேண்டும். குளிர்பதன அறைகளில் காற்று வறளும். ஈரப்பதம் 50 விழுக்காட்டிற்குக் குறையாமற் காப்பது அலுவலகத்தாரின் கடமை. தனியொருவர் கேட்டால் நகைப்பர். நால்வர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் கேட்பர்.

பள்ளம் விழுந்தோர்க்கு மருந்தோ தைலமோ வேண்டியதில்லை. அழுத்தம் நீங்கினால் சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலாகியும், அது தானே நிரம்பிவிடும்.