உழைக்கிற உடம்புக்கும் பரிசோதனை வேண்டும்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



போன மாதம் ஒரு தோட்டத்தில் தலைவி ஒருவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, நாங்க நாள் முழுக்க மலை ஏறி இறங்குறோம். உட்கார்ந்து வேலை செய்றவங்களுக்குத்தானே பிரஷர் வரும்? எனக்கு எப்படி வந்துச்சு?” அவர் முதலில் மருந்து எடுக்கப் போன இடத்திலும் இதையே சொல்லி, பிரஷர் பார்க்காமல் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த அக்காவுக்குச் சொல்லும் பதில்தான் இன்றைய என் பேச்சு.

உட்கார்ந்தே இருப்பது கெடுதி என்பது உண்மை. அதை உலகத்துக்குக் காட்டியதும் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வுதான். ஜெரி மொரிஸ் என்ற வைத்தியரும் அவருடைய குழுவும் லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சுமார் 31,000 பேரை ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார்கள். பஸ் சாரதி வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்திருப்பார். நடத்துனர் இரண்டு தட்டு பஸ்ஸில் தினமும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். இருதய நோய் சாரதிகளுக்கே அதிகம் வந்தது.

அப்படியானால் மலை ஏறும் நமக்கு நோய் வரக் கூடாதே? இங்கேதான் கவனிக்க வேண்டும். டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் பகுதியில் 1,04,046 பேரைச் சுமார் 10 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் நடந்தவர்கள், விளையாடியவர்களுக்கு இருதய நோயும் மரணமும் குறைவு. ஆனால் வேலையில் உடம்பு அதிகம் பாடுபட்டவர்களுக்கு இரண்டும் கூடுதல்.

காரணம் என்ன? உடற்பயிற்சி என்பது கொஞ்ச நேரம், களைத்தால் நிறுத்தலாம். வேலை அப்படியல்ல. மணிக்கணக்காகச் சுமந்து, குனிந்து, நின்று செய்யும்போது இருதயத் துடிப்பும் பிரஷரும் நாள் முழுக்க ஏறியே இருக்கும். உடம்பு தேறுவதற்குள் மறுநாள் பிரட்டு. வறுமையும் வேறு வசதிக் குறைவும்தான் காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எது காரணமானாலும் பாதிக்கப்படுவது தொழிலாளிதான்.

டென்மார்க் கணக்கை அப்படியே நம் தோட்டத்துக்குப் போட முடியாது. ஆனால், ‘உழைக்கிற உடம்புக்கு வியாதி வராது’ என்ற பேச்சை இனி யாரும் சொன்னால் நாம் தலையாட்டக் கூடாது. உப்பு, கருவாடு, சீனி போட்ட தேத்தண்ணி, வெற்றிலை, புகையிலை, சாராயம் இவற்றின் கெடுதியை மலை ஏறுவது மட்டும் போக்கிவிடாது.

ஆகவே மூன்று காரியங்கள். ஒன்று, 35 வயது தாண்டிய ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரஷரும் சீனியும் பார்க்க வேண்டும். அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் இது இலவசம். அதற்காகப் போகிற நாளில் பேர் வெட்டப்படக் கூடாது என்று கேட்பது நம் வேலை. இரண்டு, இடையில் ஓய்வு, குடிநீர், கொழுந்துச் சுமையின் தூரத்தைக் குறைப்பது. இவை சலுகையல்ல, இருதயத்தைக் காக்கும் ஏற்பாடு. பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு இதையும் வையுங்கள். மூன்று, கொழும்பில் கடையிலும் ஓட்டோவிலும் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள். மொரிஸ் கண்ட சாரதியின் நிலை அவர்களுடையது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லீவுக்கு வரும்போது சொல்லுங்கள்.

அந்த அக்கா இப்போது ஒழுங்காக மருந்து எடுக்கிறார். தன் லயத்தில் உள்ள ஒன்பது பேரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு தலைவி இப்படிப் புறப்பட்டால் போதும்.